ஒரே விண்ணப்பம், ஆளுக்கொரு சல்லடை: சி.எஸ்.டி.காஸ் சேவை பற்றி

அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி (பேச்சுச் சிகிச்சை) அல்லது ஆடியாலஜி (செவித்திறன் துறை) மேற்படிப்புக்கு முயல்கிறவர்களில் பெரும்பாலோர் சி.எஸ்.டி.காஸ் என்ற இணையச் சேவைக்குள் நுழையாமல் தப்ப முடியாது. ஒருமுறை விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, வேண்டிய பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் அதையே அனுப்பலாம். இத்துறைக் கல்வித் திட்டங்களின் பேரவை இதை நடத்துகிறது. மென்பொருள் லயசான் நிறுவனத்துடையது.

வேறு படிப்புகளுக்கும் இப்படிப்பட்ட பொது விண்ணப்பச் சேவைகள் உண்டு. இதை மட்டும் தனியாக எடுத்து அலசக் காரணம், இங்கே மேற்படிப்புதான் தொழிலின் வாசல். ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ஆடியாலஜிஸ்ட் ஆவதற்கு ஏயு.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டம் வேண்டும். இளங்கலையில் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், இந்த விண்ணப்பம் தோற்றால் தொழில் கைக்கு வராது. உள்ளே வந்து சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. தொழில்முறைச் சங்கமான ஆஷாவின் உறுப்பினர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் வெள்ளையர்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்களில் ஆண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சிகிச்சைக்கு வருகிறவர்களோ எல்லா மொழி பேசுகிறவர்களும், எல்லா நிறத்தவர்களும்தான். ஆகவே இந்தச் சேவை வசதியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, நியாயமாக நடக்க இடம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வசதியைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. தனிப்பட்ட விவரம், கல்வி வரலாறு, துணைத் தகவல், ஒவ்வொரு துறையும் தனியாகக் கேட்பவை என்று நான்கு பகுதிகள். எதை முடித்தோம், எது பாக்கி என்று முகப்பிலேயே தெரியும். பரிந்துரைக் கடிதம் தருகிறவருக்கு மின்னஞ்சலில் இணைப்பு போய்விடும். அவர் ஒருமுறை கடிதத்தை ஏற்றினால் போதும், பத்துத் துறைகளுக்குப் பத்துமுறை எழுத வேண்டியதில்லை. கைவசம் நேரமில்லாத ஆசிரியரிடம் கடிதம் கேட்கத் தயங்கும் மாணவருக்கு இது ஒன்றே பெரிய உபகாரம்.

நேரத்தை விழுங்குவது கல்வி வரலாறுதான். படித்த ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே, பருவம் வாரியாக, கிரெடிட்டும் கிரேடுமாக உள்ளிட வேண்டும். இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பள்ளியில் படிக்கும்போதே ஏதோ ஒரு சமுதாயக் கல்லூரியில் எடுத்த ஒன்றிரண்டு பாடங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவை இப்போதைய கல்லூரியின் பட்டியலில் மாற்றுக் கிரெடிட்டாக வந்திருந்தாலும், எங்கே படித்தாரோ அந்தக் கல்லூரியின் பெயரிலேயே பதிய வேண்டும். அங்கிருந்து தனியாக அதிகாரபூர்வப் பட்டியலும் வந்து சேர வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நினைவிலிருந்து பாடப் பெயரை அடிப்பது அடுத்த தவறு. சரிபார்க்கிறவர்கள் பொருந்தாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருத்தி அனுப்பியதும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள் இதோடு, பாடம் பாடமாக மதிப்பிட்டுத் தரும் நிறுவனம் ஒன்றிடம் சான்றும் வாங்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும்.

எங்களுக்கு மிகப் பெரிய மனக்குறை மதிப்பெண் சராசரியில்தான். திரும்பப் படித்த பாடம் இருந்தால் சி.எஸ்.டி.காஸ் பழைய முயற்சியையும் புதிய முயற்சியையும் சேர்த்தே கணக்கிடும். ஒரு மாணவி 120 கிரெடிட் முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் வேலைக்கும் போய்க்கொண்டு படித்ததில் மூன்று பாடங்களில் சறுக்கினார்: ஒன்றில் எஃப், இரண்டில் டி. மூன்றும் 3 கிரெடிட் பாடங்கள். பிறகு மூன்றையும் திரும்பப் படித்து நல்ல கிரேடு வாங்கினார். அவர் கல்லூரி பழைய கிரேடை நீக்கிவிடுகிறது. அதன்படி 408 புள்ளி (கிரேடின் மதிப்பைக் கிரெடிட்டால் பெருக்கியது; ஏவுக்கு 4, டிக்கு 1), 120 கிரெடிட், சராசரி 3.40. சி.எஸ்.டி.காஸ் கணக்கில் எஃப்புக்கு 0, இரண்டு டிக்கும் தலா 3 புள்ளி கூடும். 414 புள்ளி, 129 கிரெடிட். சராசரி 3.21.

கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுவதால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுதான் இதற்கான காரணம். அது நியாயமான காரணமே. ஆனால் 3.25க்குக் கீழே உள்ளதைத் திறப்பதில்லை என்று ஒரு துறை வைத்திருந்தால், இந்த மாணவியின் விண்ணப்பத்தை ஒருவரும் படிக்கப் போவதில்லை. விழுந்த பிறகு எழுந்தவர் என்ற விவரம் அந்த எண்ணில் எங்குமே இல்லை. படிக்கும் காலத்தில் சம்பாதிக்க வேண்டியிருந்தவர்கள், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், முதல் ஆண்டில் தடுமாறியவர்கள் ஆகியோர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

இதற்கு மருந்தும் அதே சேவைக்குள் இருக்கிறது. சரிபார்த்த சராசரி ஆண்டு வாரியாகவும் பிரிந்து வரும். கல்லூரித் தரப்பு விண்ணப்பங்களைப் பார்க்கும் தளத்தின் பெயர் வெப்அட்மிட். அதில் துறை தனக்கு வேண்டிய சராசரியைத் தானே வகுத்துக்கொள்ளலாம். கடைசி 60 கிரெடிட்டுக்கு மட்டும் ஒன்று, முன்தேவைப் பாடங்களுக்கு மட்டும் ஒன்று என்று அமைக்கலாம். மேலே சொன்ன மாணவியின் கடைசி 60 கிரெடிட்டைப் பார்த்தால் 3.7கூட இருக்கலாம். அடுத்த இரண்டு ஆண்டு அவர் எப்படிப் படிப்பார் என்பதற்கு எது நெருக்கமான சாட்சி என்று சேர்க்கைக் குழுவினர் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். இந்த அமைப்பைச் செய்ய ஒரு பிற்பகல் போதும். செய்யாமல் விடுவதற்குச் சாக்கே கிடையாது.

வெப்அட்மிட்டில் விண்ணப்பதாரர்களைப் பட்டியலிட்டு வடிகட்டும் வசதி மிக எளிதானது. ஆபத்தும் அந்த எளிமையில்தான். 300 விண்ணப்பம், 30 இடம், நான்கு பேர் கொண்ட குழு என்று வையுங்கள். ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காகப் படிக்கக் கால் மணி நேரம். இருவர் படிக்க வேண்டுமானால் மொத்தம் 150 மணி நேரம். ஆளுக்கு முப்பத்தேழரை மணி. பாடமும் நடத்திக்கொண்டு, கிளினிக்கும் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு இது சுமைதான். அதனால் சராசரியை இறங்குவரிசையில் அடுக்கி மேலே உள்ள 100ஐ மட்டும் படிக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, நேரமில்லாமல் செய்கிறார்கள். விளைவு ஒன்றுதான்.

அதே தளத்தில் வேறு மாதிரியும் செய்ய முடியும். பல்கலைக்கழகத்தின் குறைந்தபட்சத் தகுதியை மட்டும் முதலில் பார்த்துவிட்டு, மீதியை வாசகர்களுக்குச் சமமாகப் பங்கிடலாம். தளத்தில் அதற்கான ஒதுக்கீட்டு வசதி உண்டு. மதிப்பிடும் படிவத்தையும் துறையே வடிவமைக்கலாம். குழுக்களுக்குத் தனித்தனி அனுமதி தரலாம் என்பதால், கட்டுரையையும் அனுபவத்தையும் படிக்கிறவர் கண்ணில் எண்கள் முதலில் படாதபடி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு வாசகர்கள் ஐந்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் விலகினால் மூன்றாமவர் படிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு படியைத்தான் பல இடங்களில் தாண்டிவிடுகிறார்கள். சேர்க்கைச் சுழற்சி தொடங்கும் முன் சென்ற ஆண்டின் பத்து விண்ணப்பங்களைப் பெயர் மறைத்து எல்லோரும் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒரே கட்டுரைக்கு ஒருவர் 5 போட்டிருப்பார், இன்னொருவர் 2 போட்டிருப்பார். ஏன் என்று பேசித் தீர்க்காமல் உண்மையான விண்ணப்பத்தைத் தொடவே கூடாது.

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலும் நிறைய இருக்கிறது. "பன்முகத்தன்மையில் ஆர்வம்: 1 முதல் 5 வரை" என்று மட்டும் எழுதிவைத்தால் ஒவ்வொருவரும் தன் மனப்போக்கில் எண் போடுவார்கள். அதே வரியை இப்படி எழுதலாம். 1: பிற மொழியினரோடு பணிபுரிய விருப்பம் என்று பொதுவாகச் சொல்கிறார். 3: தொடர்ந்து ஈடுபட்ட ஓர் அனுபவத்தைக் காட்டி, தான் செய்தது என்னவென்று சொல்கிறார். 5: அங்கே எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார், பிறகு தன் நடத்தையை எப்படி மாற்றிக்கொண்டார் என்று விளக்குகிறார். அடியில் ஒரு குறிப்பு: சம்பளத்துக்குச் செய்ததா, தன்னார்வமா, வீட்டிலா, கிளினிக்கிலா என்பதை வைத்துப் புள்ளி கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அந்தக் கடைசிக் குறிப்பு ஏன் வேண்டும் என்பது சேவையின் அனுபவப் பகுதியைப் பார்த்தால் புரியும். வேலை, ஆராய்ச்சி, தன்னார்வப் பணி என்று வகை பிரித்து, வாரத்துக்கு எத்தனை மணி, மொத்தம் எத்தனை வாரம் என்று கேட்கிறது. பக்கவாதம் வந்து பேச்சிழந்த பாட்டிக்காக இரண்டு வருடம் சிகிச்சையறையில் மொழிபெயர்த்த பேத்தி இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள்? பெரும்பாலும் எழுதாமலே விட்டுவிடுகிறாள். எழுதத்தான் வேண்டும். விவர வரியில், செய்த வேலையின் பெயர் சொல்லி எழுத வேண்டும்: வீட்டுப் பயிற்சியைத் தன் மொழிக்கு மாற்றியது, படம் காட்டிச் சொல் நினைவூட்டியது, தெரபிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்து வைத்தது. சூப்பர் மார்க்கெட்டில் வாரம் 25 மணி நேரம் நின்று வேலை பார்த்ததையும் எழுதலாம். துறைக்குத் தொடர்பில்லை என்று அதை மறைத்தால், இலவசமாகக் கிளினிக்கில் உட்கார்ந்து பார்க்க ஏன் நேரமில்லை என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும்.

இலவசமாக உட்கார்ந்து பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஷாவின் ஸ்பீச் தெரபிச் சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேரக் கிளினிக் அனுபவம் வேண்டும். அதில் 25 மணி வழிகாட்டலோடு கவனிப்பது; 375 மணி நேரடிச் சிகிச்சை. அந்த 25 மணியைச் சேர்க்கைக்கு முன்பே முடித்துவர வேண்டும் என்று ஆஷா கேட்பதில்லை. துறைகள்தான் கேட்கின்றன. கார் இல்லாதவர், அருகில் கிளினிக் இல்லாத சிற்றூரில் இருப்பவர், வார நாளில் விடுப்பு எடுக்க முடியாதவர் ஆகிய எல்லோரையும் இந்த ஒரு வரி வெளியே நிறுத்துகிறது. சேர்ந்த பிறகு முதல் பருவத்தில் முடிக்கலாம் என்று மாற்றினால் துறைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. பற்றிச் சுருக்கமாக. தேர்வுக் கட்டணம் அமெரிக்காவில் 220 டாலர். வாய்மொழி, கணிதம் இரண்டுக்கும் 130 முதல் 170 வரை. எழுத்துக்கு 0 முதல் 6 வரை. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுமார் இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே, இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் வெட்டக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பல துறைகள் இதைக் கைவிட்டன. இன்னும் கேட்கும் துறைகள், கேட்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை தங்கள் பழைய மாணவர்களின் தேர்ச்சிக் கணக்கைப் பார்க்கலாம். "விருப்பமிருந்தால் அனுப்பலாம்" என்று வைப்பது நடுவழிபோலத் தோன்றும். ஆனால் அனுப்பாதவரை வாசகர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படிவத்தில் எழுதாவிட்டால், அது மறைமுகக் கட்டாயம்தான்.

பரிந்துரைக் கடிதப் பகுதியில் கடிதத்தோடு, குணங்களை வரிசையாக மதிப்பிடும் கட்டமும் வரும். பெரிய வகுப்பில் ஆசிரியருக்கு முகமே தெரியாத மாணவருக்கு இது பாதகம். வேலை பார்த்த இடத்து மேலாளரின் கடிதத்தையும் ஏற்போம் என்று துறை தன் பக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னாலே பாதி சிக்கல் தீரும்.

சில துறைகள் இதன்மேல் காணொளி நேர்காணலும் வைக்கின்றன. திரையில் கேள்வி வரும். சில விநாடி யோசித்து, கடிகாரம் ஓட ஓடப் பதில் பேச வேண்டும். திக்குவாய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரக் கற்பிக்கும் துறை, திக்குகிற விண்ணப்பதாரரைக் கடிகாரத்தோடு ஓடவிடுவது மனத்தை வலிக்கச் செய்கிறது. செவித்திறன் குறைந்தவருக்கு வசனவரி இல்லாத கேள்வி, அடைத்த கதவுதான். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்து 504ஆம் பிரிவும், 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் உரிய வசதி கேட்கும் உரிமையைத் தருகின்றன. விண்ணப்பதாரர் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்: நேர வரம்பை நீக்குதல், கேள்வியை எழுத்தில் தருதல், சைகைமொழி மொழிபெயர்ப்பாளர். இன்னும் நல்ல வழி, கேள்விகளை எல்லோருக்குமே இரண்டு நாள் முன்பு அனுப்பிவிடுவது. அப்போது யாரும் தன்னைத் தனியாக அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

உச்சரிப்பு விஷயத்தில் ஆஷா 1998லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வேறு உச்சரிப்போடு, வேறு வட்டார வழக்கோடு ஆங்கிலம் பேசுகிறவரும், அறிவும் நோயறியும் திறனும் இருந்து, சிகிச்சைக்கு வேண்டிய ஒலியை, இலக்கணத்தை மாதிரி காட்ட முடிந்தால் இந்தத் தொழிலைச் சிறப்பாகச் செய்யலாம் என்பதே அதன் சாரம். ஆகவே "பேச்சுத் தெளிவு" என்று நேர்காணல் படிவத்தில் ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிட்டு, "கேட்ட கேள்விக்குப் பொருத்தமாக, ஒழுங்காக விளக்கினாரா" என்று வைக்கலாம். உடல்திறன் பற்றிய பழைய நிபந்தனைப் பட்டியலுக்குப் பதிலாக 2023இல் சி.எஸ்.டி.காஸை நடத்தும் பேரவையே "மையச் செயல்பாடுகள்" என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. உதவிக் கருவியோடும் வசதியோடும் செய்வதும் செய்ததாகவே எண்ணப்படும் என்பதுதான் அதன் போக்கு. சில துறைகளின் வலைப்பக்கத்தில் பழைய பட்டியல் இன்னும் இருந்தால், அது அகற்றப்பட வேண்டும்.

இனம் பற்றிய சட்டநிலையும் சேர்க்கைக் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒருவரின் இனத்துக்காக மட்டும் புள்ளி தர முடியாது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதினால், அதில் தெரியும் மன உறுதியையும் திறமையையும் கணக்கில் எடுக்கலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. பயத்தில் அந்தப் பத்திகளைக் கண்டும் காணாமல் கடந்து போகும் வாசகர்கள், தீர்ப்பு கேட்காத ஒன்றைச் செய்கிறார்கள். மேலே காட்டிய மாதிரி, செய்ததையும் கற்றதையும் அளக்கும் படிவம் கையில் இருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

பணம். முதலில் தேர்ந்தெடுக்கும் துறைக்கு ஒரு கட்டணம். அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் அதைவிடக் குறைவு. செலுத்தியது திரும்ப வராது. இதோடு ஒவ்வொரு கல்லூரிக்கும் மதிப்பெண் பட்டியல் கட்டணம், ஜி.ஆர்.இ. கட்டணம். சில பல்கலைக்கழகங்கள் சி.எஸ்.டி.காஸுக்கு மேலே தங்கள் பட்டப்படிப்புப் பிரிவின் தனி விண்ணப்பத்தையும் தனிக் கட்டணத்தையும் கேட்கின்றன. ஒரே விண்ணப்பம் என்ற வாக்குறுதியை இது பாழாக்குகிறது. இடம் கிடைத்தவர் மட்டும் அந்தத் தனி விண்ணப்பத்தை நிரப்பினால் போதும் என்று பல்கலைக்கழகத்தோடு பேசி முடிவு செய்யத் துறைத்தலைவருக்கு ஒரு கூட்டம் போதும். விண்ணப்பதாரர் செய்யக்கூடியது, ஆஷாவின் எட்ஃபைண்ட் தேடுதளத்தில் ஒவ்வொரு துறையின் சேர்க்கை விகிதத்தையும் சேர்ந்தவர்களின் சராசரியையும் முதலில் பார்த்துவிட்டு எங்கே பணம் போடுவது என்று தீர்மானிப்பது. இ.டி.எஸ்.இன் கட்டணக் குறைப்புத் திட்டத்துக்குத் தேர்வுப் பதிவுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பதிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கடைசித் தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். சில துறைகளுக்கு அந்தத் தேதிக்குள் அனுப்பினால் போதும். சிலவற்றுக்கு மதிப்பெண் பட்டியலும் கடிதங்களும் வந்துசேர்ந்து விண்ணப்பம் முழுமையாகியிருக்க வேண்டும். இன்னும் சிலவற்றுக்குச் சரிபார்ப்பே முடிந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் இடையே வாரக்கணக்கில் வித்தியாசம் உண்டு. சரிபார்ப்புக்கு மட்டுமே சுமார் பத்து வேலை நாள் என்று கணக்கு வையுங்கள். எனவே ஆறு வாரம் முன்பே பட்டியலும் கடிதமும் கேட்டுவிட்டு, நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. அனுப்பிய பிறகு பாட விவரங்களைத் திருத்த முடியாது. புதிய அனுபவத்தையும் புதிய துறையையும் சேர்க்கலாம். திரும்பப் படித்த பாடங்களுக்கு நேரே, திரும்பப் படித்தது என்று காட்டும் குறியைப் போட்டீர்களா என்று அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை பாருங்கள். அந்தக் குறி இருந்தால், 3.21க்குப் பின்னால் திரும்பப் படித்துத் தேறிய கதை இருப்பது படிக்கிறவர் கண்ணில் படும்.